நான்கு விரல் இடம்

மருத்துவமனை வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து பதிவாளர் கோப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்து டாக்டர் வெளியே வந்தாள். அவள் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. இரண்டு காகிதங்களுமே துணைவேந்தரின் முடிவுக்காக வந்தவை. துணைவேந்தர் உள்ளே பதினோரு நாளாகக் கண் திறக்காமல், குழாய் வழியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவருடைய மகளைத் தனியே அழைத்து நிதானமாகச் சொன்னாள். சிறுநீரகம் நின்றுவிட்டது. அடுத்து இதயம். அது நின்றால் மார்பை அழுத்தி ஓட வைக்கப் பார்ப்பார்கள். இந்த வயதில் விலா எலும்பு தாங்காது, ஓடினாலும் அவர் திரும்பி வரப்போவதில்லை. அமைதியாகப் போகட்டும் என்றால் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தராதவரை அழுத்துவதுதான் விதி.

"நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல தாங்குவாருன்னு எனக்குத் தோணலை."

அப்போது மணி இரண்டே கால்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சேலைத் தலைப்பை நீவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "உங்கப்பா என்ன நெனைக்கிறாரோ. கொஞ்சம் கண்ணு முழிக்கட்டும், கேட்டுக்கலாம்" என்றாள்.

மகளுக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான பதில். எந்தக் காகிதமானாலும் அடியில் இடது மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு, அதற்கு மேல் நான்கு விரல் இடம் விட்டு அப்பாவின் மேசையில் வைக்க வேண்டும். பள்ளி விடுப்புக் கடிதம், கல்லூரி விண்ணப்பம், அம்மாவின் மளிகைச் சீட்டு எல்லாமே அப்படித்தான். அந்த இடத்தில் பச்சை மையில் ஒரு வரி விழும். விழுந்தால் நடக்கும்.

பல்கலைக்கழகத்திலும் அதையே வழக்கமாக்கினார். அவர் வருவதற்கு முன் அங்கே குழுவுக்கு மேல் குழு. தேர்வு முடிவு வர ஒன்பது மாதம். அவர் வந்து குழுக்களைக் கலைத்தார், எல்லாக் கோப்பும் தன்னிடம் வரட்டும் என்றார், நாற்பதே நாளில் முடிவு வந்தது. மாணவர்கள் அவருக்கு ஒத்தைப்பேனா என்று பெயர் வைத்தார்கள். காக்கா கரையக்கூட மேல் மாடியில் அனுமதி வாங்கணும் என்று எழுத்தர்கள் சிரித்தார்கள். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பதிவாளர் கொண்டு வந்த கோப்பு விடுதியின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியது. தொட்டியில் விரிசல் விட்டு, கழிவுநீர் கசிந்து கலக்கிறது. இருபத்தாறு மாணவர்களுக்கு மஞ்சள் காமாலை; இரண்டு பேர் இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிடக்கிறார்கள். விடுதியை மூடச் சொல்லி ஒரு வரி வேண்டும். கோப்பு ஒன்பது நாளாக அவர் மேசையில் கிடந்தது. தான் இல்லாதபோது பொறுப்பு யாருக்கு என்று துணைவேந்தர் எழுதி வைக்கவில்லை.

பதிவாளர் குரலைத் தாழ்த்தினார்.

"ரேகை வச்சாப் போதும்மா. சாரோட விரல்தானே. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அம்மா சட்டென்று எழுந்தாள். விரலைத் துடைக்க ஈரத்துணி தேடினாள். பதினோரு நாளில் அவள் முகம் அப்படித் தெளிந்து மகள் பார்க்கவில்லை.

"வேணாம்மா, உக்காரு" என்ற மகள் பதிவாளர் பக்கம் திரும்பினாள். "நீங்களே எழுதுங்க சார். இருபத்தாறு பிள்ளைங்க."

"எழுதலாம்." அவர் பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "ஆறு வருஷமா என் பேருக்கு மேல நான் ஒண்ணும் எழுதினதில்லைம்மா. கை வர மாட்டேங்குது."

"சோறு அள்ளித் திங்கிற கைதானே சார்?"

அவர் தலை குனிந்துகொண்டார். சொன்ன பிறகுதான் டாக்டரின் காகிதம் தன் கைப்பையில் மடித்தபடி இருப்பது அவளுக்கு உறைத்தது. அலுவலகத்தில் முப்பது பேருக்கு அவள் மேலாளர். தினமும் நூறு கையெழுத்து.

தம்பிக்கு போன் செய்தாள். கடல் தாண்டி இருப்பவன். முழுவதும் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்: "இதைப் பத்தி அப்பா எப்பவாவது ஏதாவது சொல்லியிருக்காராக்கா?"

இல்லை என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவன் வைத்துவிட்டான்.

மூன்று இருபது. காகிதத்தைக் கைப்பையின் மேல் விரித்து இரண்டு முறை படித்தாள். பேனாவை வைத்தாள், எடுத்தாள். அம்மா ஈரத்துணியை இன்னும் கையில் வைத்திருந்தாள்.

மூன்று முப்பத்தைந்துக்கு உள்ளே மணி ஒலித்தது. நர்சுகள் ஓடினார்கள். கதவின் கண்ணாடி வழியே அவள் பார்த்தாள். ஒரு நர்ஸ் கட்டிலில் மண்டியிட்டு, கைகளைக் கோத்து, முழு எடையையும் போட்டு அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் போர்வைக்கு வெளியே அப்பாவின் பாதங்கள் துள்ளின. ஏதோ முறியும் சத்தம் வெளியிலும் கேட்டது. அவள் காகிதத்தைக் கண்ணாடியில் வைத்து அவசரமாகப் பெயரை எழுதினாள், கண்ணாடியைத் தட்டினாள். யாரும் திரும்பவில்லை. பன்னிரண்டு நிமிடம்.

டாக்டர் வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. மகளின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

பதிவாளர் கோப்பை நாடா போட்டுக் கட்டினார். அழுதிருந்தார். யாரிடம் என்றில்லாமல், "நாளைக்கு லீவு விடணும்" என்றார். "யாரு விடுறதுன்னு தெரியலை."

கீழே, உடலை ஒப்படைக்கும் படிவத்தைக் கவுண்டரில் நீட்டினார்கள். நீயே போடு என்றாள் அம்மா. மகள் தயங்கவில்லை, ஒரே வீச்சில் போட்டுத் தள்ளினாள்.

எழுத்தர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது மூலையில், விளிம்பை ஒட்டிச் சின்னதாக ஒரு கையெழுத்து. உறவினர் என்று கோடு போட்ட இடம் அதற்கு மேலே வெறுமையாக இருந்தது.

"இங்க வேற யாராவது போடணுமாம்மா?"

அம்மா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.