சதுப்பில் வழி காட்டியவர்கள்

சுஜீவா ஜேர்மனியில், மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தாள். பக்கத்து ஹம் நகரில் தகப்பன் அல்பேர்ட்டோடு இருந்தாள். அவர் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார்.

அவளுடைய ஆய்வு ஆங்கிலேயரின் ஒரு தோல்வியைப் பற்றியது. பதினோராம் நூற்றாண்டில், பிரான்சிலிருந்து வந்த நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்து ஐந்து வருடமாகியும் அடங்காத சிலர், சதுப்பு நிலத்துக்கு நடுவே ஈலித் தீவின் மடத்தில் ஒதுங்கிச் சண்டையிட்டார்கள். நோர்மன் அரசன் வில்லியம் சதுப்பின்மேல் போட்ட பாதை ஆட்களோடு அமிழ்ந்துபோனது. கடைசியில் மடத்துத் துறவிகளே வழியைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது இதைத் தகப்பனுக்குச் சொன்னாள். துறவிகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். அரசன் மடத்துக் காணிகளைப் பறித்ததும் பயந்துவிட்டார்கள் என்றாள்.

"பிடிபட்ட ஆக்களை என்ன செய்தவங்கள்?"

"சில பேரைச் சிறையில போட்டவங்கள். சில பேருக்குக் கையை வெட்டி, கண்ணைப் பிடுங்கி விட்டவங்கள்."

அல்பேர்ட் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு, முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்திமூன்று வயது. இலங்கையில், மன்னார்ப் பக்கத்தில் ஒரு சிறிய கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்குப் பயந்து நானூறு சனம் அங்கே வந்து படுத்திருந்தது. காயப்பட்ட மூன்று போராளிகளை அவரே பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் ஒளித்துவைத்தார். விடியற்காலை இராணுவம் கோயிலைச் சுற்றி வளைத்தது. உள்ளே ஒளித்திருப்பவர்களைக் காட்டாவிட்டால் எல்லாரையும் கோயிலோடு தகர்ப்போம் என்றான் அதிகாரி. அல்பேர்ட் அறையைக் காட்டினார். சனத்தை விட்டார்கள். மூவரையும் மதிலடியில் நிறுத்திச் சுட்டார்கள்.

ஈலித் துறவிகளைப் பற்றிய அத்தியாயத்துக்குச் சுஜீவா 'துரோகம்' என்றுதான் தலைப்பு வைத்திருந்தாள். நானூறு பேர் தப்பினார்கள்தானே என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம். அந்த நானூறு பேரும் எனக்கு நித்திரையில வாறேல்ல. மற்ற மூண்டு பேருந்தான் வாறவை."

தலைப்பை மாற்றட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றார். சுடப்பட்ட மூவரில் ஒருவன் பெயர் சதீசன். அவனுடைய தங்கை பத்மா இங்கே பக்கத்தில், சோஸ்ட் நகரில் இருக்கிறாள். வருடாவருடம் கேவலார் மாதா திருவிழாவில் அவளைக் காணும்போதெல்லாம் தான் சனத்துக்குள் விலகிப் போய்விடுவதாகச் சொன்னார்.

"அவவுக்குத் தமையன் எங்க கிடக்கிறானெண்டு தெரியுமோ அப்பா?"

"தெரியாது. மண்ணுக்குள்ள தாட்டவன் நான்."

"அப்ப நீங்கள் போகத்தான் வேணும்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் ரயிலேறினார்கள். பத்மா தேநீர் வைத்தாள். அல்பேர்ட் அதைத் தொடாமல் முழுவதையும் சொன்னார். தன் பக்க நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. பத்மா அழவில்லை. அண்ணன் ஏதாவது சாப்பிட்டிருந்தானா என்று மட்டும் கேட்டாள். இரவு கஞ்சி குடித்தான் என்றார். தாட்டது எந்தப் பக்கம் என்று கேட்டாள். கிணற்றுக்கு வடக்கே, இரண்டாவது பனைக்கும் மதிலுக்கும் இடையில், மூவரையும் சேர்த்து என்றார். அவள் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னாள். அவர் வரைந்து முடிக்கும்வரை சுஜீவா தாளைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் வைத்துப் பத்மா சொன்னாள்: "மன்னிச்சிட்டனெண்டு சொல்ல எனக்கு ஏலாது அண்ணை. இனி இஞ்ச வராதேங்கோ. ஆனா, கேவலாரில என்னைக் கண்டா ஒளிக்க வேண்டாம்."

மாசியில் பத்மா அந்தத் தாளோடு தனியாக ஊருக்குப் போய் வந்தாள். ஓகஸ்டில் கேவலாரில் அல்பேர்ட் சனத்துக்குள் விலகாமல் நின்றார். பத்மா அவரைப் பார்த்தாள், தலையசைத்தாள், மெழுகுதிரியோடு கடந்து போனாள்.