514-ஆம் மசோதாவுக்கு ஆமென்

எங்கள் மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் இருக்கும் சட்டசபைக்கு எங்கள் சர்ச் பஸ்ஸை நான்தான் ஓட்டிப் போனேன். பஸ் நிறைய ஆட்கள், எல்லோர் நெஞ்சிலும் 514 என்று அச்சடித்த பச்சைச் சட்டை. அந்த எண்ணுள்ள மசோதாவைத்தான் செனட் கமிட்டி அன்று எடுக்கிறது. எங்கள் தெருவை ஒட்டி நிற்கும் ரசாயன ஆலை, தன் வேலியோரமாகக் காற்றை அளக்கும் கருவி வைக்க வேண்டும். விஷவாயு அளவு மீறினால் உடனே வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். சொர்க்கத்தைக் கேட்கவில்லை.

கமிட்டி முன்னால் பேச வேண்டியவள் என் பெரியம்மா மகள் வெர்டெல் அக்கா. அவள் மகள் நதீனுக்கு வயது இருபதைத் தாண்டியதும் தாண்டாததுமாக இருக்கும், நுரையீரல் மட்டும் கிழவியுடையது. போன செப்டம்பரில் ஆலையில் வாயு கசிந்தபோது ஒரு நாதியும் வந்து சொல்லவில்லை. தூக்கத்திலேயே மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தாள். இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன் பிறகு நதீன் தூங்கப் பயப்படுகிறாள். அக்கா ஒரு சின்ன அளவுக்கருவி வாங்கி வீட்டு வாசலில் மாட்டி, அது காட்டுவதையெல்லாம் குறித்து வைத்திருந்தாள். அதைத்தான் கமிட்டியிடம் காட்டப் போகிறாள்.

மசோதாவைக் கொண்டுவந்தவர் எங்கள் செனட்டர் டுகா. தேர்தல் சமயத்தில் எங்கள் சர்ச்சில் ஏப்ரன் கட்டிக்கொண்டு மீன் பொரித்துப் போட்ட மனுஷன். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

முதலில் ஒரு குமாஸ்தா எழுந்து திருத்தங்களை வாசித்தார். நாலாம் பக்கம், ஏழாம் வரி முதல் இருபதாம் வரி வரை நீக்குக. அவ்விடத்தில் இணைப்பில் உள்ளதைச் சேர்க்க. இப்படியே பக்கமும் வரியுமாக மளமளவென்று ஓடியது. ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் எங்கள் சபையில் யாராவது சத்தமாக வாசித்து முடித்தால் ஆமென் சொல்வது பிறவிப் பழக்கம். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டு வாயை மூடவில்லை, எங்கள் சபை மூப்பர் டீக்கன் ஹோலிஸ் கணீரென்று ஆமென் சொன்னார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் சொன்னோம். ஆமென் போட்டாயிற்று, அப்புறம் என்ன என்று தலைவர் சிரித்துக்கொண்டே சுத்தியலைத் தட்டினார்.

வெர்டெல் அழாமல் பேசினாள். மகளைப் பற்றிச் சொன்னாள், வாசலில் குறித்ததைக் காட்டினாள். கடைசியாகச் சொன்னாள்:

"ஐயா, இப்ப உங்க மேஜை மேல இந்தச் சட்டம் எப்படி இருக்கோ அப்படியே நிறைவேத்துங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க."

ஓட்டெடுப்பில் கமிட்டிக்காரர்கள் எல்லோருடைய கைகளும் உயர்ந்தன. ஆலைக்காரர்களின் வக்கீலும் கைதட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நடைபாதையில் அந்த வக்கீல் வாயெல்லாம் பல்லாக அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ரொம்ப நன்றி என்றார். அக்காவின் முகம் மாறியது. நான் ஓடிப் போய் டுகாவின் கோட்டு நுனியைப் பிடித்து நிறுத்தினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தத் திருத்தங்களில் வேலியோரக் கருவியும், வீடுகளுக்குச் சொல்வதும் போய்விட்டதாம். ஆலையே தன் காற்றை அளந்து வருஷத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதுமாம். வீடுகளில் மாட்டிய கருவி காட்டுவதை எந்த அதிகாரியும், எந்தக் கோர்ட்டும் இனி ஏற்கக் கூடாதாம். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

"இப்படி மாத்தலன்னா மசோதா கமிட்டியிலேயே செத்திருக்கும்மா. ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலை இல்லையா?" என்றார்.

"எங்ககிட்ட ஒண்ணுமில்லாம இல்ல. வாசல்ல ஒரு கருவி இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டீங்க," என்றேன். அந்த ஆள் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்காது.

திரும்பும் வழியில் பஸ் முழுக்கப் பாட்டு. ஜெயித்துவிட்டோம் என்று டீக்கன் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டுகா சொன்னதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வண்டியை ஓரங்கட்டி எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடவா என்று அவளிடம் கேட்டேன். எனக்குப் பின்சீட்டில் இருந்த அக்கா என் தோளைத் தொட்டாள்.

"வேணாம் எர்லீன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பாடட்டும்."

அவள் போன் அடித்தது. நதீன்தான். டிவியில் செய்தி பார்த்திருக்கிறாள். பாட்டுச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று உரக்கப் பேசினாள், எனக்கும் கேட்டது.

"ஜெயிச்சிட்டியேம்மா! இனிமே ஏதாவது கசிஞ்சா நமக்குச் சொல்லிருவாங்கல்ல? இன்னிக்கு ராத்திரி நான் பயமில்லாம தூங்கலாமா?"

அக்கா போனைக் கொஞ்ச நேரம் மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்தாள்.

"தூங்குடி கண்ணு. அம்மா முழிச்சிருக்கேன்."