பன்னிரண்டாவது செங்கல்

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் ஐம்பது குடும்பம் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டால்தான் அவர்களுக்கு என் நினைப்பு வரும். "வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று ஒரு பாட்டு விடுவார்கள். கதவைத் திறந்துவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. வீடுதான் பழகவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் தூரத்தில் இருக்கிறாள். வாரம் ஒருநாள் கூப்பிட்டு, "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" என்பாள். இரண்டுக்கும் ஆமாம் சொன்னால் பேச்சு முடிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காவலாளி மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த பட்டியலில், எங்கள் ஃபிசிக்ஸ் டீச்சரின் பெயரைப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் வாங்கிய பட்டங்களும் வரிசையாக இருந்தன, சந்தேகமே இல்லை. மூன்று மாடியும் படியேறி ஓடினேன். லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தவன் நான்தானே! வீடு பூட்டியிருந்தது.

"அந்தம்மா போன மாசமே மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. வேற ஊரு," என்றார் காவலாளி. "போன் நம்பர் அதேதான். வேணும்னா எழுதிக்குங்க."

டீச்சருக்கு யார் பெயரும் வாயில் வராது. வருகைப் பதிவேட்டின் எண்தான். "ஏய் பன்னெண்டு, எந்திரி. நாப்பது, என்னடா சிரிப்பு?" என்பார். நாங்களும் வெளியில் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம். நான் முப்பத்தேழு. அதனால் ஒரு ஞாயிறு நான்கு மணிக்குக் கூப்பிட்டு, வேறெதுவும் தோன்றாமல், "டீச்சர், நான் முப்பத்தேழு பேசறேன். தொண்ணூறாம் வருஷம் பத்தாவது," என்றேன்.

"முப்பத்தேழா? அடப்பாவி! எங்கடா போய்த் தொலைஞ்சே இத்தனை வருஷமா?"

என்னை 'டா' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரு ஆள் மிச்சம் இருக்கிறது! ஐம்பது வயது ஆம்பளை, கைலியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணி. என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட் என்றேன். "மிஷினுதானே? அப்பவே எனக்குத் தெரியும்டா," என்றார். மருமகள் நல்லவள்தான், ஆனால் எல்லோரும் வேலைக்குப் போனபின் வீடு 'கம்'மென்று ஆகிவிடுகிறது என்றார். நான் அந்த வாரம் மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்வேன். கல்யாண ஜோடி ஒன்று உள்ளே நின்றபடியே சண்டை போட்டுச் சமாதானமும் ஆனதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். திங்கட்கிழமையிலிருந்தே அவருக்குச் சொல்ல விஷயம் சேர்க்க ஆரம்பித்துவிடுவேன்.

மூன்றாவது வாரம்தான் குட்டு உடைந்தது. எனக்கு மட்டும்.

"கண்காட்சிக்கு ஐஸ் குச்சியில ஒரு பாலம் செஞ்சியே, பதினோரு செங்கல் தாங்குச்சே! அதை நான் சொல்லாத ஆளே இல்லடா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாலத்தைச் செய்தது ஏ பிரிவு முப்பத்தேழு. முதல் பெஞ்ச். டீச்சரின் செல்லம். நான் பி பிரிவு. இரண்டு பிரிவுக்கும் அவர்தான் பாடம் எடுத்தார், இரண்டிலும் ஒரு முப்பத்தேழு இருந்ததை மறந்துவிட்டார். அது போகட்டும். நடுவர்கள் வருவதற்கு முன்னால், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பன்னிரண்டாவது செங்கல்லை ஏற்றி அந்தப் பாலத்தை நொறுக்கியவன் நான். ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான்கு மணி போய்விடும். "ஆமா டீச்சர்," என்று மென்று விழுங்கினேன். நான்கு மாதம் அடுத்தவன் எண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, "அட்ரஸ் சொல்லுடா," என்றார். "உன் பாலத்தை அப்பவே ஒட்டி எடுத்து வச்சேன். இங்க என் அலமாரியைக் காலி பண்ணிக் குடுக்கணும். தூக்கிப் போட மனசு வரல. பார்சல்ல அனுப்பறேன்."

பேனா எடுத்து வந்திருப்பார் போல. அது காகிதத்தில் தட்டும் சத்தம் கேட்டது. முப்பத்தைந்து வருடம் ஒருவர் பத்திரமாக வைத்திருந்ததை, உடைத்தவனே வாங்கி வைத்துக்கொள்வதா? அவ்வளவு கேவலமாக என்னால் முடியவில்லை.

"டீச்சர், அது என்னோடது இல்ல. நான் பி செக்ஷன் முப்பத்தேழு. அதை உடைச்சவன்."

பேனாச் சத்தம் நின்றது.

"நீங்க... யாரு?"

'நீங்க' என்றார். நான்கு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். முதல் நாள் குழப்பம், பிறகு என் கோழைத்தனம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் எதையும் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை.

"அப்ப அவன் கூப்பிடவே இல்ல," என்றார் மெதுவாக. அப்புறம், "யாருமே கூப்பிடல." போன் வைக்கப்பட்டது.

அந்த வாரம் முழுக்க மொட்டைமாடி மோட்டார் அறைகளில் வேலை. கயிறு தேய்மானம் பார்ப்பேன், எண்ணெய் விடுவேன், கீழே யாரோ ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். புதன்கிழமை ஒரு பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டு தூங்கியே போய்விட்டார். 'இதை டீச்சர்கிட்ட சொல்லணும்' என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. நான்கு மணிக்குப் போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? மகள் கூப்பிட்டாள். சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன். நான்கு இருபது ஆயிற்று. நாலரை ஆயிற்று.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. டீச்சர்.

"நாலு மணியிலிருந்து போனை மடியில வச்சுட்டு உக்காந்திருக்கேன்," என்றார். குரல் கறாராக இருந்தது.

"கூப்பிடலாமான்னு தெரியல டீச்சர்."

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். உங்க மூஞ்சி ஞாபகம் வரல. பொய் சொல்லக் கூடாது, வரவே இல்ல."

"பரவால்ல டீச்சர்."

"ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னிக்கு வெளியில நிக்க வச்சேனே தவிர, கேக்கவே இல்ல. பதினொண்ணோட நிறுத்தாம, அந்தப் பன்னெண்டாவதை ஏன் வச்சீங்க?"

எனக்குப் பதினைந்து வயது திரும்ப வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"இன்னும் ஒண்ணு தாங்கும்னு நெனச்சேன் டீச்சர்."

"எனக்கும் அப்படித்தான்டா தோணுச்சு," என்றார்.