விடாத கட்டை

நோரா டீச்சர் கேட்டது ஒரே ஒரு தோள் வார். வீட்டிலிருந்த பழைய அக்கார்டியனின் வார் அறுந்துவிட்டது. அதை மாற்றினால் போதும் என்றுதான் தேனாம்பேட்டைச் சந்தில் அப்துல் கரீமின் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். கணவர் ஞானதாஸ் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசையில் மகள் சான்ட்ரா அதை வாசிப்பதாக ஏற்பாடு.

பாட்டு யாருக்கு வேண்டும்! நோராவுக்கு வேண்டியது பாட்டு முடிந்தபின் வரும் அந்த முனகல். வலதுகைப் பக்கம் ஒரு வெள்ளைக் கட்டை அழுத்தினால் எழும்பாது. துருத்தியை மூடும்போதும் அது மட்டும் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே கிடக்கும். அடுப்படியிலிருந்து நோரா, "போதும், விடுங்க!" என்று கத்துவாள். "நான் விட்டுட்டேன், அதுதான் விடல," என்று சிரித்தபடி ஞானதாஸ் நகத்தால் நெம்புவார். கல்யாணமான புதிதிலிருந்து தினமும் இதே கூத்து. ஃபோனில் எடுத்த வீடியோ ஒன்றிலாவது அது இருக்கிறதா என்றால், இல்லை. பாட்டு முடிந்த கையோடு ஒவ்வொன்றையும் நிறுத்தித் தொலைத்திருந்தாள் சான்ட்ரா.

அந்தப் பெட்டியை விற்றவரும் கரீம்தான். கோடம்பாக்கத்து வாத்தியக்காரர்கள் கைகழுவிய அக்கார்டியன்களை வாங்கி விற்பவர். விலையே சொல்லமாட்டார். வந்தவர் தோளில் பெட்டியை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து, "இன்னா நைனா, கயட்ட மனசு வல்லியா?" என்பார். புது மாப்பிள்ளை ஞானதாஸ் அப்படித்தான் சிக்கினார். பக்கத்தில் நின்ற நோராதான் அந்தக் கட்டையைக் காட்டி மல்லுக்கு நின்றாள். "ஸ்பிரிங் கெடச்சதும் மாத்திக் குடுக்கறேம்மா, என் வாக்கு," என்றார் கரீம். ஸ்பிரிங் கிடைக்கவேயில்லை.

சனிக்கிழமை போனபோது கிழவர் வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் பல்.

"வாங்க டீச்சரம்மா. வாரு மட்டும் இல்ல. அந்தக் கட்டைய அமுக்கிப் பாருங்க."

நோரா அழுத்தினாள். விரலை எடுத்ததும் கட்டை சட்டென்று எழும்பியது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் எழும்பியது.

"இதே மாரி பொட்டி ஒண்ணு என்னாண்ட இருந்துச்சு. அத்த பிரிச்சு ஸ்பிரிங்க எடுத்தேன். தாஸு சார் இருக்க சொல்லோ முடியல. இப்பவாச்சும் வாக்க காப்பாத்தணும்ல?"

"ஏன் பாய் அதைத் தொட்டீங்க?" என்றாள் நோரா. ஸ்டூலில் உட்கார்ந்து, கடைத்தெரு பார்க்க, வெட்கத்தை விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே முனகலையும் நகத்தையும் அடுப்படியையும் சொல்லி முடித்தாள். பாவம் அந்த மனுஷன், கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப்போயிற்று.

"பழைய ஸ்பிரிங் எங்க பாய்?"

"குப்பைல போட்டுட்டேம்மா... வோணும்னா இத்தயே கொஞ்சம் தளத்தி வுடறேன். முன்ன மாரி மாட்டிக்கும்."

நோரா வேண்டாமென்று தலையாட்டினாள். "அப்புறம் அது நீங்க பண்ணுனதா இருக்கும் பாய். அவரோடது இல்ல."

கரீம் மேல் கோபப்பட முயன்றாள், முடியவில்லை. சரி பண்ணச் சொல்லி அன்று மல்லுக்கு நின்றதே அவள்தானே. கரீமே பெட்டியைத் தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தார். ராஜா அண்ணாமலைபுரம் வரும்வரை அவள் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சான்ட்ரா அருமையாக வாசித்தாள். அப்பாவுக்குப் பிடித்த மாதா பாட்டு. எங்கும் பிசகவில்லை. பாட்டு முடிந்தது, கோயிலே அமைதியானது, அவள் மெதுவாகத் துருத்தியை மூடினாள்.

முன்வரிசையில் இருந்த நோராவின் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "போதும், விடுங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

சான்ட்ரா திரும்பிப் பார்த்தாள்.

"விட்டுட்டேம்மா," என்றாள்.