எதிரணிப் பகுதி, இரண்டாம் மாடி

எங்கள் யிஸ்க்ரா அணி முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு மேல் பிரிவுக்கு ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமையே கால்பந்துச் சங்கத்தின் கடிதம் வந்துவிட்டது. மேல் பிரிவில் ஆட வேண்டுமென்றால் மைதானத்தில் கூரைக்குக் கீழே முந்நூறு இருக்கை வேண்டும். எங்களிடம் இருந்தவை இருநூற்று எண்பத்தாறு.

"பதினாலு நாற்காலி, பிளாஷெனா," என்றார் கழகத் தலைவர் வாவ்ரா, என் டிக்கெட் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. "பதினாலு நாற்காலிக்காக நம்மள ஸ்ட்ராஹோவ் மேட்டுக்குத் தொரத்தப் போறாங்க. ரெண்டு லட்சம் பேர் உக்கார்ற மைதானம். நம்ம நானூறு பேர் போய் உக்காந்தா யார் எங்க இருக்கோம்னு நமக்கே தெரியாது."

"ஆலோய்ஸ யாரு தூக்கிட்டுப் போறது?" என்றேன்.

ஆலோய்ஸ் என் கணவர். நுஸ்லேயில் எங்கள் மைதானம் வீடுகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல இருக்கும். தெற்குக் கோலுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு. எங்களுக்கு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இடுப்பு அறுவைக்குப் பிறகு ஆலோய்ஸ் படி இறங்கி நாலு வருஷம் ஆகிறது. சமையலறை பால்கனியில் ஒரு நாற்காலி, எதிரே ஆட்டம், அவருக்கு வாரம் என்பது அவ்வளவுதான். எல்லைக்கோட்டில் கொடி பிடிக்கும் துணை நடுவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவார். அவர்களும் பெயர் சொல்லித்தான் பதில் கொடுப்பார்கள்.

வாவ்ரா அண்ணாந்து எங்கள் கட்டடத்தைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்து மொத்தம் ஏழு பால்கனி.

"ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நாற்காலி போடலாம்ல?"

"போட்டுத்தான் இருக்கு."

"மேல் பால்கனி கீழ் பால்கனிக்குக் கூரைதானே?"

"தலைவரே, காலையிலயே பீர் குடிச்சீங்களா?"

குடித்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு தாளோடு படியேறி வந்துவிட்டார். எங்கள் வீட்டுப் பால்கனி மைதானத்தின் பகுதி என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். இனிமேல் எல்லாரும் என் ஜன்னலில் டிக்கெட்டும் வாங்க வேண்டும்.

"என் சமையலறைக்குப் போக நான் டிக்கெட் வாங்கணுமா?" என்றார் ஆலோய்ஸ்.

"ஸ்ட்ராஹோவுக்கு நடந்து போறதுக்கு இது தேவலை," என்றேன். போட்டார்.

ஆறு வீடு கையெழுத்துப் போட்டது. ஏழாவது எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடி, ஹெட்விகா. அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்மிகோவில் பிறந்தவள். கல்யாணமாகி நுஸ்லேக்கு வந்து நாற்பத்தோரு வருஷமாகியும் இன்னும் ஸ்மிகோவ் அணிக்காரிதான். யிஸ்க்ராவுக்கு எதிராக யார் கோல் போட்டாலும் பால்கனியில் நின்று இரண்டு சட்டி மூடியைத் தட்டுவாள்.

"என் நாற்காலிய யிஸ்க்ரா கணக்குல சேக்கிறதா?" என்றாள் என்னிடம். "மாட்டேன், பிளாஷெனா. நீ கோவிச்சுக்காத. உள்ள வா, பாப்பி விதை கேக் இருக்கு."

"ஆலோய்ஸுக்காகப் பாரேன்."

"அவருதான் என்கூடப் பேசுறதே இல்லியே."

அதுவும் உண்மைதான். தொண்ணூற்றெட்டில் ஸ்மிகோவோடு ஆட்டம். கடைசி நிமிஷம், எங்கள் கோலுக்கு முன்னால் ஒரு பெனால்டி. அது பெனால்டி என்றாள் ஹெட்விகா. இல்லை என்றார் ஆலோய்ஸ். அதோடு சரி. ஆலோய்ஸ் படி இறங்கிய காலத்தில், எதிரே வந்தால்கூட இருவரும் தபால் பெட்டியைப் பார்த்து வணக்கம் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை சங்கத்திலிருந்து புடில் என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். அளவு நாடா, தடித்த விதிப்புத்தகம், சிரிப்பு கிடையாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஷூவைக் கழற்றி, அந்த வீட்டுச் செருப்பை மாட்டி, பால்கனியை அளந்து, திரும்ப ஷூ மாட்டினார். எங்கள் வீட்டுக்கு வரும்போது அது ஆறாவது கழற்றல். இடது காலுறையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. ஆலோய்ஸின் கட்டம் போட்ட கம்பளிச் செருப்பைக் கொடுத்தேன்.

நாற்காலிகளை அளந்தார். மேலே பார்த்தார். கூரைதான்.

"நான் எதிர்பாத்ததவிட மோசமில்ல," என்றார். "ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, இதோட இருநூத்தித் தொண்ணூத்தெட்டுதான் வருது. ரெண்டாவது, எதிரணி ரசிகர்களுக்குத் தனிப் பகுதி எங்க? கூரையோட, தனி வாசலோட? உள்ளூர்க்காரங்களோட எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது."

வாவ்ரா என்னைப் பார்த்தார். நான் ஆலோய்ஸைப் பார்த்தேன். ஆலோய்ஸின் முகம் சுண்டிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ் பால்கனியிலிருந்து சட்டி மூடிச் சத்தம். ஹெட்விகா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்பியில் அவளுடைய சிவப்பு வெள்ளை ஸ்மிகோவ் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"இவங்க யாரு?" என்றார் புடில் எட்டிப் பார்த்து.

"அதுதான் சார் எதிரணிப் பகுதி," என்றார் ஆலோய்ஸ் கசப்போடு. "நாப்பத்தோரு வருஷமா."

"உள்ளூர்க்காரங்களோட தொடர்பு?"

"இருபத்தாறு வருஷமா பேச்சுவார்த்தையே கிடையாது."

புடில் புத்தகத்தைப் புரட்டினார். "எதிரணிப் பகுதி எத்தனை பேருக்குன்னு விதியில இல்ல," என்றார் மெதுவாக. "தனி வாசல்?"

"அவ வீட்டு வாசல்தான்," என்றேன்.

"உள்ள வர்றவங்களச் சோதனை போடணுமே."

கீழேயிருந்து பதில் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் துடைத்திருக்கிறாள். "என் வீட்டுக்குள்ள எவனும் ஷூவோட வர முடியாது. அதுக்கு மேல என்ன சோதனை?"

புடில் தன் காலைப் பார்த்துக்கொண்டார். "கையெழுத்து வேணும்மா."

"யிஸ்க்ராவுக்குன்னா போட மாட்டேன். எதிரணிக்குன்னா போடுவேன். ஆனா மேல் மாடிக்காரர் என்கிட்ட கேக்கணும். தொண்ணூத்தெட்டுல நடந்தது பெனால்டிதான்னு சொல்லிட்டுக் கேக்கணும்."

வாவ்ரா கண்ணை மூடிக்கொண்டார். ஆலோய்ஸ் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். மைதானத்தை ஒரு தடவை பார்த்தார், கோடு போட்டு முடித்த மைதானத்தை.

"ஹெட்விகா."

"என்ன?"

"பெனால்டிதான்."

"கேக்கல."

"பெனால்டிதான். ஆனா அந்தத் தடியன் விழுந்த விதம் இருக்கே..."

"ஆனா வேண்டாம்."

"சரி. ஆனா இல்ல. கையெழுத்துப் போடு."

"தாளக் கீழ அனுப்பு, படிச்சுப் பாத்துட்டுதான் போடுவேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். அந்த ஐயாவ கீழ அனுப்பு. கேக் சாப்பிடட்டும்."

புடில் எங்கள் செருப்போடேயே கீழே போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, முந்நூறு இருக்கை என்று எழுதி முத்திரை வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

ஆகஸ்டில் முதல் ஆட்டம், பெரோவுன் அணியோடு. என் ஜன்னலுக்கு ஐந்து பையன்கள் வந்தார்கள். கழுத்தில் துண்டு, கையில் முரசு.

"எதிரணிப் பகுதி எங்கக்கா?"

"பக்கத்து வாசல், ரெண்டாம் மாடி, மணி அடிங்க. ஷூவ வெளிய விடுங்க."

"வெளையாடாதீங்க."

"போய்ப் பாருங்க."

இடைவேளையில் நான் மேலே போனேன். ஹெட்விகாவின் வாசலில் ஐந்து ஜோடி ஷூ. வீட்டில் இருந்த நாலு ஜோடி செருப்பு பற்றாமல் ஒருவன் காலுறையோடு நின்று முரசடித்தான். அவள் மூடிகளைத் தட்டினாள். சத்தம் எதிர் கோல் வரை கேட்டது. பெரோவுன் ஒரு கோல் முன்னால்.

எங்கள் பால்கனியில் ஆலோய்ஸ் கம்பிக்கு வெளியே பாதி தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஹெட்விகா, அது ஆஃப்சைடு. சின்னக் கொழந்தைக்கும் தெரியும்."

"கண்ணாடியத் தொடச்சுப் போடு."

"தொடச்சுதான் போட்டிருக்கேன். உன் பசங்ககிட்டக் கேளு."

"ஆஃப்சைடுதான் தாத்தா," என்றது கீழேயிருந்து ஒரு குரல். உடனே ஒரு அடி விழும் சத்தமும் கேட்டது.

ஆலோய்ஸ் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிவந்து, கண்ணெல்லாம் சிரிப்பு.

"பிளாஷெனா, கயிறும் கூடையும் எடுத்துட்டு வா. மேல கேக் அனுப்பச் சொல்லணும்."

"நீங்களே கேளுங்க," என்றேன்.

கேட்டார்.