தடம் விழாமல் நடப்பது

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அலுவலகப் படிவத்தில் பிறந்தது. மூடிய நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போன பழைய சாலைகளைக் கிளறி, புல் விதைத்து, நிலத்தைத் தேற்றும் வேலை நடக்கிறது. அதைப் பார்வையிட்டுக் கையெழுத்துப் போடுகிறவன் நான். படிவத்தின் கடைசிக் கேள்வி: 'சாலையின் சுவடு இருக்கிறதா?' பதிலுக்கு அரை அங்குல இடம். அதில் அடங்காததை இங்கே கொட்டுகிறேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'பனி விலகாத காலையில் புல்டோசரின் உறுமல்...'

வேண்டாம். உறுமலோடு தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாம் முயற்சி: புல்டோசர் ஓட்டுநருக்கு அந்தச் சாலை அத்துப்படி. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அதைப் போட்டவரே அவர்தான். அழிக்கவும் அவரையே கூப்பிட்டார்கள். சாலையின் கோடியில் சுரங்க வாய், சிமென்ட் சுவர் வைத்து அடைத்தது. உள்ளே கூரை இடிந்தபோது வெளியே எடுக்க முடியாமல் போனவர்களில் ஓட்டுநரின் அண்ணனும் ஒருவர். ஞாயிறு தவறாமல் அண்ணி அந்தச் சுவர்வரை நடந்து போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

(அண்ணி சுவரில் கை வைத்து அழுவதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் அழுது நான் பார்த்ததில்லை. டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடத்தான் பார்த்திருக்கிறேன்.)

3.

ஓட்டுநர் வேலையில் குறை வைக்கவில்லை. லாரிகள் மிதித்து மிதித்து இறுகிப்போன தரையை, வண்டியின் பின்னாலிருக்கும் இரும்புப் பற்களால் இரண்டடி ஆழத்துக்குக் கிளறினார். கிளறிய தரையில் எந்த வண்டியும் திரும்பி ஓடக் கூடாது; மறுபடி இறுகிவிடும். அதனால் சுரங்க வாயில் தொடங்கி வெளியே வருவதுதான் முறை. அப்படியே வந்தார். விதை தூவி வைக்கோல் பரப்பினார்கள். மழையும் கைகொடுத்தது.

அடுத்த வருஷம் நான் போனபோது முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவே ஓரடி அகலத்தில் ஒரு மொட்டைக் கோடு, சாலை தொடங்கும் கேட்டிலிருந்து சுவர்வரை.

"என்ன இது? நடுவுல கொஞ்சம் விட்டுட்டீங்களா?" என்று கூட வந்த ஓட்டுநரிடம் கேட்டேன்.

"நான் ஒண்ணும் விடலை சார். அது எங்க அண்ணி காலு."

மழைத் தண்ணீர் அந்தக் கோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டால் விதைத்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். 'மறுபடி கிளறி, வேலி போடவும்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். ஓட்டுநரின் முகம் செத்துப்போயிற்று.

"ஒரு வருஷம் குடுங்க சார். நான் பேசிப் பாக்குறேன். வேலி மட்டும் வேணாம்."

கொடுத்தேன். [நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலிக்குத் தனியாக ஏழு படிவம் நிரப்ப வேண்டும்.]

4.

பேசியதை நான் கேட்கவில்லை. மறுநாள் ஓட்டுநர் போனில் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அண்ணியின் சமையலறை. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணி, ஒரே வழியா நடக்காதீங்க. ஒரு வாரம் இடது பக்கமா போங்க, ஒரு வாரம் வலது பக்கமா. மிதிபட்ட புல்லு நிமிர நாள் வேணும். தடம் விழலேன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

"உங்க அண்ணனைப் பாக்கத் திருட்டுத்தனமா போகச் சொல்றியா?"

"வேலி போட்டுடுவாங்க அண்ணி."

அண்ணி வெங்காயத்தைக் கீழே வைத்தார். "முட்டி ரெண்டும் போச்சு தம்பி. தடத்துல நடந்தாலே தடுமாறுது. கிளறிப்போட்ட மேடு பள்ளத்துல, புல்லுக்குள்ள எப்படிப்பா நடப்பேன்?"

அந்த மேடு பள்ளம் ஓட்டுநரின் கைவேலை. 'அதற்கு அவர்' என்று தொடங்கும் வாக்கியத்தை நான்கு முறை எழுதி, நான்கு முறையும் பாதியில் விட்டேன். ஓட்டுநர் மீதி வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

5.

மூன்றாம் வருஷம் போனேன். கோடு இல்லை. கோடியிலிருந்து கோடிவரை இடுப்பளவுப் புல். ஓட்டுநர் வேறொரு சாலையை அழிக்கப் போயிருந்தார். அவர் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிடப் பயமாக இருக்கிறது.

முடிவு (அ): அண்ணி கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு, வாரம் ஒரு பக்கமாக நடந்து போகிறார். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு (ஆ): முட்டி இடம் கொடுக்கவில்லை. வீட்டில் நாற்காலியைச் சுரங்கத்துப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில்...

முடிவு (இ): எழுத மாட்டேன்.

மூன்றிலும் புல் ஒரே மாதிரிதான் வளரும். 'சுவடு இல்லை. திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணி என்ன ஆனார் என்று தெரியவில்லை. அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை.

6.

ஒன்றை மறைத்துவிட்டேன். நடக்கும் வழியை வாரா வாரம் மாற்றலாம், உட்காரும் இடத்தை மாற்ற முடியாது. சுவரடியில் ஓர் ஆள் அளவுக்குப் புல் படிந்திருந்தால் அண்ணி இன்னும் வருகிறார் என்று அர்த்தம். நான் கேட்டிலேயே நின்றுவிட்டேன். சுவர்வரை போய்ப் பார்க்கவில்லை.

நீங்கள் போய்ப் பாருங்கள். திரும்பும்போது வேறு வழியாக வாருங்கள். பார்த்ததை என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நான் எழுதியாக வேண்டும்.