ஒரு விரல் இடைவெளி

வாலுவின் அக்கா கணவர் சேர்ந்திருந்த கார் குழுவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. பின்சக்கரத்துக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறதோ, அதுதான் ஆளின் பெயர். கார் எவ்வளவு தாழ்கிறதோ ஆள் அவ்வளவு உயர்ந்தவர். தலைவர் 'அரைவிரல்'. அவருக்கு அடுத்த படியில் இரண்டு 'ஒரு விரல்'கள். மாமா ஒரு வருடமாக 'நாலு விரல்'. குழுவாகப் படம் எடுக்கும்போது அவரை ஓரத்தில் நிற்க வைப்பார்கள். அவருடைய காரை, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி, தள்ளி நிறுத்தச் சொல்வார்கள்.

மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயில்ஓவர் என்ற ஸ்பிரிங்-ஷாக் செட் ஒன்றோடு வந்து இறங்கினார். முன்பக்கத்தை மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டியாகிவிட்டது. பின்பக்கத்துக்கு எதற்கு வெளியாள், வீட்டிலேயே மச்சினி இருக்கிறாளே என்று முடிவு செய்தார். அக்கா வீட்டில் தங்கிப் படிக்கும் அவளுக்குப் பதினாறு வயது. எல்லோருக்கும் 'வாலு'. அவள் கை எந்த இடுக்கிலும் நுழையும்.

அந்தக் காரில் பின்பக்கம் ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் அப்சார்பர் வேறிடம். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத் திருகி இறக்கினால் கார் இறங்கிவிடும். ஆனால் அதே கையோடு ஷாக்கின் அடிப்பகுதியையும் திருகி நீளத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால், கார் சும்மா நிற்கும்போதே ஷாக் முக்கால்வாசி அமுங்கிக் கிடக்கும். மேடு ஏறி இறங்கினால் மேற்கொண்டு அமுங்க இடம் இருக்காது. பெட்டியில் வந்த தாளில் எல்லாம் போட்டிருந்தது. மாமா படங்களை மட்டும் பார்த்தார். வாலு எழுத்தையும் படித்தாள்.

ஸ்பிரிங் இரண்டையும் கணக்காக இறக்கினாள். ஷாக்கில்தான் மாட்டிக்கொண்டாள். அதை இறுக்கிப் பிடித்திருந்த லாக் நட் அசைவேனா என்றது. ஸ்பானரைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தாள். விரல் முட்டித் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"முடிஞ்சுதா வாலு? எங்க குரூப் ஆளுங்க எல்லாரும் வந்துட்டாங்க!" என்று வாசலிலிருந்து மாமா கத்தினார்.

"முடிஞ்சுது மாமா."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அரைவிரல் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். "ஒண்ணு!" என்று அறிவித்தார். கைதட்டல். பிறகு மாமாவை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தெருமுனை வேகத்தடையில் 'டொம்' என்று ஒரு சத்தம். வீட்டு வாசலில் நின்ற வாலுவுக்கு அது நெஞ்சிலேயே விழுந்தது.

திரும்பி வந்த அரைவிரல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகத்தில் பரவசம். "தம்பி, இதுதான் ரேஸ் ஃபீல்! அடி நேரா முதுகெலும்பு வழியா மண்டைக்கு ஏறுது. யாரு செட்டிங்?"

"நானேதான் அண்ணே," என்றார் மாமா.

அன்று இரவு வாலுவுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அக்காவுக்கு ஏழாம் மாதப் பரிசோதனை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூன்று வேகத்தடைகள். அக்கா எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அக்காவை வாலு அடுக்களையிலேயே மடக்கினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"உன்னைத் துரத்திப் பிடிக்கணும்டி அதுக்கு. இந்த வயித்தோட ஆகுமா? சொல்லு."

சொன்னாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. "அது ஃபீலும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. ஷாக் கடைசி வரைக்கும் போய் முட்டுற சத்தம். மேல பிடிச்சிருக்கிற இடம் உடைஞ்சாலும் உடையும். நாளைக்கு நீ அது மேலதான் உட்காரப் போற."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"வண்டி உடையும்னா, அவர் திட்டுவாருன்னா?"

"ரெண்டும்தான்."

"எது ஜாஸ்தி?"

வாலு மூக்கை உறிஞ்சினாள். "திட்டுறது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேளை, உண்மையாவது சொல்ற. காலைல நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

காலையில் சொன்னாள். மாமா திட்டவில்லை. அதைவிட மோசமாக, குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் மூச்சு விடாத. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

"ஷாக்கைக் குறைச்சா வண்டி உயராது மாமா. ஒரு விரல் ஒரு விரலாவேதான் இருக்கும். சத்தம்தான் போகும்."

"சத்தம் போயிட்டா அப்புறம் என்னடி இருக்கு அதுல?"

அக்கா எதிர்வீட்டு டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டாள். காரின் சாவியை அவரிடம் நீட்டினாள். ஒரு தலையணையைக் கொண்டுவந்து கணவரின் வயிற்றில் துண்டால் இறுக்கிக் கட்டினாள். "என் இடத்துல உட்கார்ந்து ஒரு நடை போயிட்டு வாங்க. அண்ணே, இவர் வழக்கமா ஓட்டுற வேகத்துலயே ஓட்டுங்க."

வாலு முன்சீட்டில் ஏறினாள்.

முதல் வேகத்தடை. டொம். "ம்... நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமா.

இரண்டாவதில் தலை கூரையில் இடித்தது. "யோவ், மெதுவா போய்யா!"

"நீங்க போற வேகம்தான் சார். இதைவிட மெதுவான்னா நீங்க நடந்தே போகலாம்," என்றார் டாக்ஸிக்காரர்.

மூன்றாவது. டொம். வாலு கண்ணாடியில் பார்த்தாள். மாமாவின் தலையில் வீக்கம் இருந்தது. அதை அவர் தடவவில்லை. இரண்டு கைகளாலும் தலையணையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"வண்டியைத் திருப்புங்க," என்றார்.

டாக்ஸிக்காரர் ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பானரின் காம்பில் செருகிக் கொடுத்தார். மாமா ஒருபக்கம் அழுத்த, வாலு மறுபக்கம் பிடிக்க, லாக் நட் ஒருவழியாக மனம் இறங்கியது. அளந்து, இரண்டு ஷாக்கையும் ஒரே அளவு குறைத்து இறுக்கினாள். ஆஸ்பத்திரிக்கு அரைமணி தாமதம். மூன்று மேட்டையும் கார் மெத்தென்று ஏறி இறங்கியது. அக்கா மூன்றாவதுக்கு முன்னாலேயே கொட்டாவி விட்டாள்.

சாயங்காலம் அரைவிரல் மறுபடி வந்தார். விரலை விட்டுப் பார்த்தார், ஒன்றுதான். பின்சீட்டில் ஏறி ஒரு சுற்றுப் போனார். தெருமுனையில் சத்தமே இல்லை. கார் வாசலில் வந்து நின்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன தம்பி, ஃபீல் சுத்தமா போயிடுச்சே? வீட்டு வண்டி மாதிரி இருக்கு."

மாமா வாலுவைப் பார்த்தார். பிறகு, "வீட்டு வண்டிதான் அண்ணே," என்றார்.

அரைவிரல் தலையை ஆட்டினார். வருத்தமாகப் பெருமூச்சு விட்டார். ஆனால் இறங்கவில்லை. இடுப்பை மெதுவாகச் சீட்டில் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டார்.

"இன்னொரு சுத்து போயிட்டு வரலாமா? சும்மா, செக் பண்ணத்தான்."